எதிர்த்தண்டுக்காரன்

1

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஆங்கிலத்திலேயே சொல்லிப் பார்த்தேன். பயனில்லை. செவிலிப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஆனால் கணினியில் என் தாய்மொழி தமிழ் என்று பதிவாகியிருந்தது. தாய்மொழி வேறாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்பது அந்த மருத்துவகத்தின் விதி. நான் வாதாடவில்லை. வருவாய்த் துறையில் காலம் முழுக்க விதியைக் காட்டி மற்றவர்களைத் திருப்பி அனுப்பியவன், தன் முறை வரும்போது விலக்குக் கேட்பது அழகில்லை.

மேசை மேல் ஒரு தொலைபேசியை வைத்தாள். அதிலிருந்து ஓர் அம்மாளின் குரல் வந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சு. "வணக்கம் ஐயா. இவை கேக்கிறதை நான் தமிழிலை சொல்லுவன். நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ."

என்னை அங்கே கூட்டிப்போனவள் என் மகள் கயல். நான் இளைத்துவிட்டேனாம். செய்தித்தாளைப் பிரிப்பதே இல்லையாம். காலையில் சன்னலோரம் உட்கார்ந்தால் அவள் வேலை முடிந்து திரும்பும்போதும் அங்கேயே இருக்கிறேனாம். மூன்றும் உண்மை. அவளை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அதுவும் விதி.

தூக்கம் எப்படி, பசி எப்படி என்று தொடங்கினார்கள். இந்த வகைக் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வது மிகச் சுலபம். மோசமில்லை, சமாளிக்கிறேன், நன்றி என்று எந்தக் கேள்வியையும் வாசலிலேயே நிறுத்திவிடலாம். அப்படித்தான் தயாராகப் போயிருந்தேன். தமிழில் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

"உயிரோடை இருக்கிறதை விட இல்லாமல் போறது நல்லம் எண்டு எப்பவாவது யோசிச்சனீங்களோ ஐயா?"

அறுபதைத் தாண்டிய வாழ்க்கையில் என்னிடம் இதை யாரும் என் மொழியில் கேட்டதில்லை. நானே என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. கனடாவில், இந்த வினிபெக் நகரத்தில், வெளியே மாசியிலும் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும்போது, முகம் தெரியாத ஓர் அம்மாள் கேட்டுவிட்டாள்.

"சில சமயம்" என்றேன்.

அந்த அம்மாள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் தாழ்ந்திருந்தது.

செவிலி பதறவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பி அடுத்ததைக் கேட்டாள். உங்களை நம்பி யாராவது இருக்கிறார்களா, நீங்கள் வராவிட்டால் யாருக்காவது வேலை கெடுமா என்று. நான் நேர்மையாக யோசித்தேன். கயலுக்குச் சம்பளம் வருகிறது. மருமகன் சமைக்கிறார். பேத்திக்கு என்னை விட அவள் கைப்பேசி உறுதுணை.

"அப்படி யாரும் இல்லை" என்றேன்.

இந்தக் கேள்விகள் ஏன் என்று அவள் விளக்கினாள். மனிதனை விளிம்பிலிருந்து பிடித்து இழுத்து வைப்பவை சில இருக்கின்றனவாம். வலியைச் சொல்ல ஓர் ஆள். தன்னை எதிர்பார்க்கும் ஓர் ஆள். செய்து முடிக்க ஒரு வேலை. நம்புவதற்கு ஏதாவது ஒன்று. மருந்து வேண்டுமென்றால் மருத்துவர் தருவார், ஆனால் இவையும் வேண்டும் என்றாள். எந்த நேரமும் கூப்பிட ஓர் எண்ணைக் கொடுத்தாள். மகளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றாள். நான் சம்மதித்த பிறகுதான் கயலை உள்ளே கூப்பிட்டாள். பனி உருகத் தொடங்கும்போது மறுபடி வாருங்கள், அதற்குள் அந்தக் கடைசிக் கேள்வியை யோசித்து வையுங்கள் என்று அனுப்பினாள்.

ஆண்டுதோறும் நான் ஓய்வூதியத்துக்காக உயிர்வாழ் சான்று அனுப்புகிறேன். இந்திய அரசு அலுவலர் முன் நின்று, இன்னும் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுகிறேன். எத்தனையோ பேருக்கு நானே அந்தப் படிவத்தைச் சரிபார்த்திருக்கிறேன். அதில் எல்லாம் கேட்பார்கள். யாருக்காக என்று கேட்க மாட்டார்கள்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு இங்கே என் அன்றாடம் எப்படி என்று தெரிய வேண்டும்.

காலையில் எழுந்து காபி போடப் போனால், அடுப்பு மின்சார அடுப்பு, சூடு தெரியாது, நீங்க சும்மா இருங்கப்பா என்பாள் கயல். பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்தால் மருமகன் ஓடி வருவார். இதய மருத்துவர் வேண்டாம் என்றிருக்கிறாராம். துணி மடித்தால் பேத்தி அதைப் பிரித்து வேறு மாதிரி மடிப்பாள். சிறியவளாக இருந்தபோது பள்ளிப் பேருந்து நிற்கும் மூலையில் நான்தான் போய் நிற்பேன். இப்போது வளர்ந்துவிட்டாள். நீங்க வரவேணாம் தாத்தா என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கண்ணியமாகத்தான் சொன்னாள். இங்கே பிள்ளைகள் எதையும் கண்ணியமாகத்தான் சொல்கிறார்கள், திரும்ப ஏதும் சொல்ல வழி இருக்காது.

என் மனைவி சரோஜா இருந்தவரை இப்படி இல்லை. அவள் என்னைச் சும்மா விட்டதே கிடையாது. தேங்காய் உடைக்க, பாட்டில் மூடி திறக்க, ஊசியில் நூல் கோக்க, பக்கத்து வீட்டுக்காரனின் நாய் ஏன் குரைக்கிறது என்று எட்டிப் பார்த்துச் சொல்ல. நான் சலித்துக்கொள்வேன். போன குளிர்காலத்துக்கு முந்திய குளிர்காலத்தில் அவள் இந்த ஊரிலேயே போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து, அன்போடு, ஒவ்வொன்றாக என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்கள். அவள் பெயரையும்தான். அப்பா வருத்தப்படுவார் என்று யாரும் அதை எடுப்பதில்லை.

3

செவிலியின் கேள்விக்கு விடை என்னிடம் இல்லை. ஆனால் அதே கேள்வி அப்போது காஞ்சிபுரத்தில், எங்கள் நெசவுத் தெருவில், என் சிறு வயது நண்பன் முருகேசன் வீட்டிலும் உட்கார்ந்திருந்தது.

முருகேசன் தறிக்காரன். மனைவி போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன் தொழிற்சாலைப் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஐப்பசி மழையில் இருசக்கர வண்டி சறுக்கி, நெடுஞ்சாலையிலேயே உயிர் போயிற்று. காரியங்கள் முடிந்ததும் மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முசரவாக்கத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தெரு அவனைத் தாங்கிப் பிடித்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எப்படித் தாங்கியது என்று கேளுங்கள். தறியில் பாதி நெய்து நின்ற சேலையை, உனக்கு எதுக்குப்பா இந்த நேரத்துல என்று பங்காளி ஒருவர் தானே முடிக்க எடுத்துக்கொண்டார். தண்ணீர் பிடிக்கப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். தெருமுனையில் சரிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாய் வீட்டிலிருந்து வேளை தவறாமல் சோறு போயிற்று. மகன் பெயரை அவன் காதுபட யாரும் எடுப்பதில்லை என்று தெருவே ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

கடைசியாக, எங்கள் தெரு முருகன் கோயிலில் சாமி தூக்கும் ஆட்களில் இருந்தும் அவனை நிறுத்தி வைத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவன், ஒரு வருஷம் போகட்டும், தீட்டு என்றார்கள்.

இதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாமி வாகனத்தின் அடியில் இரண்டு நீண்ட மரங்கள் ஓடும். தண்டு என்போம். இந்தத் தண்டில் ஓர் ஆள் தோள் கொடுத்தால், அதே வரிசையில் எதிர்த்தண்டில் அவன் உயரத்துக்கே இன்னோர் ஆள் வேண்டும். ஒருவன் குட்டையாகிவிட்டால் மரம் அவன் தோளில் உட்காராது. பாரம் எல்லாம் எதிரே இருப்பவன் மேல் சாயும். முருகேசன் எங்கள் தெருவிலேயே நெட்டை. அவனுக்குச் சமமான இன்னொரு நெட்டை தணிகாசலம்.

விந்தை என்னவென்றால் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அடுத்தடுத்த வீடு. நடுவில் ஓடும் சாக்கடை யார் இடத்தில் என்று தகராறு. நான் பதவியில் இருந்தபோது அந்த மனு என்னிடம்தான் வந்தது. நிலஅளவரைக் கூட்டிப்போய்ச் சங்கிலி பிடித்து முறைப்படி அளந்து கொடுத்தேன். முடிவு இருவருக்குமே பிடிக்கவில்லை. அளவு சரியாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதன் பிறகும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் இருவரும் ஒரே சாமியை எதிரெதிர்த் தண்டில் தூக்கினார்கள். இறக்கி வைத்ததும் ஆளுக்கொரு பக்கம் துப்பிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

தைப்பூசத்துக்கு முருகேசன் இல்லாமல் சாமி புறப்பட்டது. அதற்குப் பிறகு காதர் பாய் என்னை அழைத்தார். அவருக்கு அது அந்தி நேரம், எனக்குக் காலை.

"சார், இவன் துன்றதே இல்ல. குட்த்த சோறு அப்படியே இருக்குது. எல்லாத்தியும் அவங்கவங்க பாத்துக்கறாங்க பாய், இனிமே நான் எதுக்குன்னு கேக்கறான். எனுக்கு பயமா இருக்குது சார்."

நான் முருகேசனிடம் பேசினேன். அவன் எல்லாவற்றுக்கும் "சரிபா, சரிபா" என்றான். ஊரில் அலுவலகத்துக்கு வந்து, மனு தள்ளுபடி என்று தெரிந்த பிறகும் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் குரல் அது. எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். அந்த மாதங்களில் என் மகளிடம் நான் பேசிக்கொண்டிருந்ததும் அதே குரலில்தான்.

அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள் என்று பாயிடம் சொன்னேன். எந்தக் கட்டடம், எந்தச் சீட்டு, எந்தக் கிழமை, எல்லாம் சொன்னேன். முறை தெரிந்தவன் அல்லவா. பாய் இரண்டு தரம் ஆட்டோவோடு போய் நின்றார். முருகேசன் எழுந்திருக்கவில்லை. யாருக்காக எழுந்திருப்பது?

4

நான் மருத்துவகத்திலிருந்து திரும்பிய மறுநாள் ஓர் அழைப்பு. தெரியாத எண்.

"சார், தணிகாசலம் பேசறேன். சாக்கடை தணிகாசலம்."

அத்தனை காலத்துக்குப் பிறகும் என் தீர்ப்பை எதிர்த்துப் பேசத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். அவனே அதைத் தெளிவுபடுத்தினான். "நீங்க அளந்தது தப்பு, அத்த நான் இன்னும் ஒத்துக்கல. அது வேற கேசு. இப்ப ஒரு சட்டம் கேக்கணும். புள்ள செத்தா அப்பனுக்கு எத்தினி நாள் தீட்டு?"

"கருமாதியோடு தீர்ந்தது."

"ஒரு வருஷம் இல்லியே?"

"அது அப்பா அம்மா இறந்தால் மகனுக்கு. பிள்ளைக்கு அப்பன் ஒரு வருஷம் காக்க வேண்டும் என்று நம் தெரு வழக்கத்தில் எங்கும் இல்லை."

"அப்போ இவனுங்க எந்தச் சட்டத்துல அவன நிறுத்தி வெச்சிக்கினு இருக்கறானுங்க?"

"அன்புதான்" என்றேன்.

"அந்த அன்புல என் தோள் எறங்கிப் போச்சு சார்" என்றான். தைப்பூசத்தில் தூக்கிய வலி இன்னும் தீரவில்லையாம். கை மேலே ஏறவில்லையாம். நீங்க சொன்னதா சொல்லலாமா என்று கேட்டான். சொல்லலாம் என்றேன். ஓய்வு பெற்ற பிறகு நான் பிறப்பித்த ஒரே ஆணை அதுதான்.

5

அதன் பிறகு நடந்ததைக் காதர் பாய் சொல்லிக் கேட்டேன். அவர் கடைப் படியில் நின்று பார்த்திருக்கிறார்.

தணிகாசலம் முருகேசன் வீட்டுக்குள் போகவில்லை. சாக்கடைக்குத் தன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, தெருவே கேட்கும்படி ஆரம்பித்தானாம்.

"டேய் முருகேசா. பூசத்துக்கு உன் எடத்துல அந்தக் குள்ளன வுட்டானுங்க. மரம் அவன் தோள்லியே படல. தண்டப் புடிச்சிக்கினு சாமி கூட வாக்கிங் வந்தான். பாரம் பூரா எனுக்கு. தீட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, கனடா சாரையே கேட்டுட்டேன். பங்குனிக்கு வந்து சேரு."

உள்ளேயிருந்து முருகேசன் சொன்னானாம்: "எனக்கு இன்னா இருக்குதுன்னு வந்து தூக்கச் சொல்ற?"

"உனுக்கு இருக்குதோ இல்லியோ. எனுக்கு எதிர்ல நீதான் இருக்குற."

அதோடு நிறுத்தியிருக்கலாம். தணிகாசலத்துக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது. "உன் புள்ள இருந்திருந்தா அவன நிறுத்தியிருப்பேன். தெருவுலியே அவன் ஒருத்தன்தான் உன் ஒசரம்" என்றுவிட்டான்.

பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து அவன் வாயைப் பொத்தப் போனாளாம். ஐப்பசியிலிருந்து தெரு பொத்தி வைத்திருந்த பேச்சு அது. ஆனால் முருகேசன் அப்போதுதான் வெளியே வந்தான். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதான். காரியத்தன்றுகூட அழாதவன். என்னை விட ஒரு விரக்கடை கூடவே இருப்பான் பாய், செவுத்துல கோடு போட்டு வெச்சிருக்கேன், வா காட்றேன் என்று பாயை இழுத்துப் போய்ச் சுவரைக் காட்டினானாம். அந்தியாகும் வரை மகனைப் பற்றியே பேசினானாம். தணிகாசலம் சாக்கடைக்கு அந்தப் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை.

மறுநாள் ஆட்டோ வந்தபோது முருகேசன் ஏறினான். பங்குனிக்குள் உடம்பு தேற வேண்டும் என்று மருத்துவரிடம் சொன்னானாம். மாத்திரையும் சாப்பிட்டான். அதன் பங்கை மறைக்கக் கூடாது. இப்போதும் சாப்பிடுகிறான். மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் போகிறான்.

உத்திரத்தன்று பாய் தன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். நான் சன்னலோர நாற்காலியில் இருந்தபடி பார்த்தேன். சன்னலுக்கு வெளியே பனி, திரைக்குள் தீவட்டிப் புகை. கடைசி வரிசையில் இரண்டு நரைத்த தலைகள் ஒரே மட்டத்தில் நகர்ந்தன. முருகேசன் முகம் முழுக்க ஈரம். ஒரு கை தண்டில், ஒரு கை முன்னால் போகிறவன் தோளில், துடைத்துக்கொள்ளக் கை இல்லை. எதிர்த்தண்டிலிருந்து தணிகாசலம் திரும்பிப் பார்க்காமல், "நேரா நடடா" என்றது எனக்கும் கேட்டது.

பின்னால் கயல் வந்து நின்றிருந்தாள். யாருப்பா அது அழறது என்றாள். சொன்னேன். மகன் கதை, சோறு, சுவரில் போட்ட கோடு. சொல்லிக்கொண்டே வந்தவன், "உங்க அம்மா இருந்திருந்தால் இப்போது வாகனத்தில் பூ அலங்காரம் சரியில்லை என்பாள்" என்றேன். கயல் தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "அம்மாவப் பத்திப் பேசினா நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்பா" என்றாள். அவள் அம்மாவுக்காக அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதனால் துக்கம் குறைந்துவிட்டது என்று எழுத மாட்டேன். முருகேசனுக்கும் குறையவில்லை. மழை பெய்தால் இன்னும் வாசலில் போய் நிற்கிறான் என்கிறார் பாய். ஆனால் இப்போது நிற்பதைப் பார்த்தால் பாயும் கூடப் போய் நிற்கிறார்.

6

சென்ற வாரம் முருகேசனே கூப்பிட்டான். எடுத்தவுடன், "நீ எப்ப வர்றே?" என்றான்.

"எதற்கு?"

"தெருவுல புதுசா பாதாளச் சாக்கடை போடறாங்கபா. எங்க ரெண்டு பேர் வூட்டு நடுவுல கோடு எங்கன்னு நின்னுபோச்சு. வேற யார் வந்து அளந்தாலும் அந்த ஆளு ஒத்துக்க மாட்டானாம்."

"என் அளவே தப்பு என்கிறவன் ஆயிற்றே."

"ஆமா. தப்பா அளந்தவனே வந்து அளக்கணுமாம்."

எனக்கு இப்போது அதிகாரம் இல்லை, நகராட்சியும் நில அளவைத் துறையும் பார்க்க வேண்டிய வேலை, இன்ன படிவத்தில் இன்னாரிடம் மனு கொடுங்கள் என்று முறையாக விளக்கினேன். கடைசி வரை கேட்டான். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிபா. நீ எப்ப வர்றே?" என்றான்.

கயலிடம் சொன்னேன். இதய மருத்துவரைக் கேட்க வேண்டும், பயணக் காப்பீடு எடுக்க வேண்டும், தனியாக அனுப்ப முடியாது என்று அடுக்கினாள். எல்லாம் நியாயமான ஆட்சேபணைகள். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று அவள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது நான் சன்னலோரம் இல்லை என்று பயந்துபோய் வீடெல்லாம் தேடியிருக்கிறாள். கீழறையில் பயணப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தது சரோஜாவின் பெட்டி. அதில் அவள் மடித்து வைத்த துண்டு ஒன்று அப்படியே இருந்தது. சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு கயலும் வந்து உட்கார்ந்தாள்.

இன்று காலை மருத்துவகத்தில் மறுபடி அதே அறை, அதே தொலைபேசி. அந்த யாழ்ப்பாணத்து அம்மாளே கிடைத்தாள். எல்லாக் கேள்வியும் வரிசையாக வந்தன. அந்த எண்ணம் இன்னும் வருகிறதா என்றார்கள். வருகிறது, முன்னைப் போல் தங்குவதில்லை, வந்தால் மகளிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். பிறகு கடைசிக் கேள்வி.

"நீங்கள் இல்லாட்டி ஆருக்கும் காரியம் கெடுமோ ஐயா?"

"இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்றேன். "ஒரு சாக்கடை விஷயமாக."

அந்த அம்மாள் ஆங்கிலத்தில் தொடங்கி நிறுத்தினாள்.

"ஐயா, சாக்கடை எண்டதை அப்பிடியே சொல்லட்டோ?"

"அப்படியே சொல்லுங்கள் அம்மா" என்றேன். "அளவு தப்பு என்று அவர்கள் சொல்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள்."